கட்டடம் தர ஆள் உண்டு, சம்பளம் தர?
கென்யாவில் மாடு மேய்த்து வாழும் மாசாய் இனப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லாததால்தான் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. நைரோபியில் வேலை பார்த்தபோது, மாசாய் மக்கள் வாழும் கஜியாடோ மாவட்டத்துப் பக்கம் நன்கொடையில் நடக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு நண்பர்களோடு சேர்ந்து பணம் கொடுத்து வந்தேன். கென்யாவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2003 முதல் கட்டணம் கிடையாது. ஆனால் பள்ளியே எட்டாத தூரத்தில் இருந்தால் என்ன பயன்? மார்ச் முதல் மே வரை பெய்ய வேண்டிய மழை பொய்த்தால் புல் தேடி மாடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்புவார்கள், பையன்களும் கூடவே. 2020 கடைசியில் தொடங்கி 2023 வரை இழுத்த வறட்சியில் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அப்போதும், மதியம் பள்ளியில் கிதேரி (மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைப்பது) கிடைத்தவரை சின்னப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத்தான் போனார்கள். இது அக்கறை இல்லாதவர்கள் செய்கிற காரியமா? மேலே கருத்து எழுதிய ஒருவர் நோட்டு, பென்சில், பழைய துணி அனுப்பலாம் என்கிறார். சரி, நல்ல மனசு. ஆனால் அதெல்லாம் அங்கே சந்தையிலேயே கிடைக்கும், அனுப்புகிற செலவுதான் அதிகம். பெயர்ப்பலகையோடு வகுப்பறை கட்டித் தரவும் ஆள் வந்துவிடுவார்கள் (திறப்பு விழாப் படம் கட்டாயம் உண்டு). ஆசிரியர் சம்பளம், சமைக்கிற அம்மாவின் கூலி, வறட்சியில் லாரித் தண்ணீர் என்று கேட்டால்தான் எல்லோருக்கும் கை சுருங்குகிறது. கொடுக்க நினைப்பவர்கள் மாதாமாதம் கொஞ்சமாக, இவற்றுக்கென்றே சொல்லிக் கொடுங்கள்.