ஜேர்மன் வகுப்பில் தமிழ் பேசினால் என்ன?

நுவரெலியாவில் ஒரு தை மாதக் காலை. பிள்ளைகள் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "குளிருது" என்பதை ஜேர்மனில் சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை வைத்து யோசிக்கிற பிள்ளை "இஹ் பின் கால்ட்" என்று சொல்லும். கேட்கிற ஜேர்மன்காரருக்கு அது "நான் மனசில் ஈரமில்லாத ஆள்" என்று படும். சரியானது "மிர் இஸ்ட் கால்ட்". 'மிர்' என்றால் எனக்கு. எனக்குக் குளிருது. வீட்டில் தினமும் சொல்கிற வாக்கியம்தான். ஆங்கிலம் குறுக்கே வந்ததால் பிழையாகிப் போனது.

சர்வதேசப் பாடசாலை என்றால் தமிழ் வாயில் வரக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மற்றப் பாடங்களுக்கு எப்படியோ, ஜேர்மன் பாடத்துக்கு அது நட்டம்.

வேற்றுமையைப் பாருங்கள். "இஹ் கேபெ டெம் லேரர் டாஸ் ஹெஃப்ட்": நான் ஆசிரியருக்குக் கொப்பியைக் கொடுக்கிறேன். 'டெம்' நம்முடைய 'கு'. 'டாஸ் ஹெஃப்ட்' நம்முடைய 'ஐ'. இரண்டாம், நான்காம் வேற்றுமையை ஏற்கெனவே படித்த பிள்ளைக்கு அக்குசாட்டிவ், டாட்டிவ் எல்லாம் புதுச் சரக்கே இல்லை. 'வைல்' போட்டுக் காரணம் சொல்லும்போது வினை கடைசிக்குப் போவதும் அப்படித்தான்: "வைல் எஸ் ஹொய்டெ ரேக்னெட்", இன்றைக்கு மழை பெய்வதால். ஆங்கில ஒழுங்கில் எழுதுகிற பிள்ளை 'ரேக்னெட்'டை நடுவில் போட்டுப் புள்ளியை விட்டுவிடும்.

தமிழும் காலை வாரும், இல்லை என்று சொல்லவில்லை. "எனக்கு ஒரு தம்பி இருக்கான்" என்பதில் தம்பிக்கு உருபு கிடையாது. அதனால் "இஹ் ஹாபெ ஐன் ப்ரூடர்" என்று வரும். 'ஐனென் ப்ரூடர்' என்றுதான் வரவேண்டும், 'ஹாபென்' அக்குசாட்டிவ் கேட்கும். பயிற்சிக்குத் தங்கச்சியைக் கொடுக்காதீர்கள். பெண்பாலில் வடிவம் மாறாது, பிழை ஒளிந்துகொள்ளும். இன்னொன்று, பள்ளிக்கூடத்துக்கு என்பதில் 'கு'வைக் கண்டதும் டாட்டிவ் போடுவது. 'இன்' உட்பட ஒன்பது முன்னிடைச் சொற்களுக்கு அது தலைகீழ்: போகும்போது 'இன் டீ ஷூலெ', அக்குசாட்டிவ், அங்கே இருக்கும்போது 'இன் டெர் ஷூலெ', டாட்டிவ்.

சொல்லின் பால்தான் பெரிய தலையிடி: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, இரண்டுமில்லாததற்கு டாஸ். உயர்திணை, அஃறிணை எதுவும் இங்கே உதவாது. ஒரு கப் பால் தேத்தண்ணிக்குள்ளேயே மூன்று பாலும் இருக்கிறது: தேயிலை டேர் டே, பால் டீ மில்ஹ், தண்ணீர் டாஸ் வஸர். (தேநீருக்கு 'டே', பெண்பாலுக்கு 'டீ', முதல் வாரம் சிரிப்புத்தான்.) சொல்லைத் தனியாக எழுத விடாதீர்கள். கொப்பியில் டேர் நீலம், டீ சிவப்பு, டாஸ் பச்சை, பக்கத்திலேயே பன்மை. ஒரு பாடவேளைக்கு ஏழெட்டுச் சொல் போதும். 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடிந்தால் டீ. 'ஹென்' என்று சின்னதாக்கினால் டாஸ். மேட்ஹென், அதாவது பெண்பிள்ளை, அஃறிணை மாதிரி 'டாஸ்' ஆனதற்கு அந்த விகுதிதான் காரணம்.

உச்சரிப்பில் நம்ம பிள்ளைகளின் அடையாளப் பிழை, 'நல்ல' என்று பொருள்படும் ஜேர்மன் 'குட்' என்பதைக் 'குட்டு' என்பது. தமிழில் சொல் வல்லின மெய்யில் முடியாது, வாய் தானாக ஒரு உகரத்தை ஒட்டிவிடும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி 'ட்'டில் காற்று வரலாம், அதிர்வு வரக்கூடாது. மேலே இரண்டு புள்ளி (உம்லவுட்) வைத்த 'ஊ'வுக்கு, 'ஈ' என்று இழுத்துக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவிக்க வேண்டும். குறில் நெடிலில் நமக்குக் கவலையில்லை: 'ஷ்டாட்' நெடிலில் நாடு, 'ஷ்டட்' குறிலில் நகரம்.

'லண்டன் ஓ.எல்.' என்று நாம் சொல்கிற கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.ஈ. ஜேர்மன் பரீட்சையில் கேட்டல், வாசித்தல், பேச்சு, எழுத்து நான்குக்கும் தலா 25 வீதம். பேச்சைக் கடைசித் தவணைக்குத் தள்ளிவைத்தால் காற்பங்கை அப்படியே விட்டமாதிரி.

கேட்டலில் அதிகம் விழுகிற இடம் நேரம். 'ஹால்ப் அஹ்ட்' என்பது எட்டரை இல்லை, ஏழரை. வரப்போகிற மணிக்கு அரை. இதை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், கடிகாரம் வரையச் சொல்லுங்கள். இந்த இடத்தில் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது.