வந்தியத்தேவன் ஈஎன்டிபி இல்லைங்க, ஈஎஸ்டிபி

ரெண்டு வாரமா எனக்கும் என் தம்பிக்கும் ஒரே வாக்குவாதம். பொன்னியின் செல்வன் நாவலோட ஹீரோ வந்தியத்தேவன், எம்பிடிஐ-ல (ஆளுங்களோட குணத்தை நாலு எழுத்து வச்சு 16 டைப்பா பிரிக்கற முறை) என்ன டைப்புங்கறதுதான் விஷயம். அவன் ஈஎன்டிபி-ங்கறான், நான் ஈஎஸ்டிபி-ங்கறேன். நடுவுல ஒரு எழுத்துதான் வித்தியாசம், என்-னா (N) இன்ட்யூஷன், எஸ்-னா (S) சென்சிங், ஆனா அந்த ஒரு எழுத்துல ஆளே மாறிடறான், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

தம்பி சொல்றது இதுதான். "அக்கா, அவன் வாயைத் திறந்தாலே ஐடியா கொட்டுது, நிமிஷத்துக்கு ஒரு பொய், எந்தச் சிக்கல்ல மாட்டுனாலும் பேசியே வெளிய வந்துடறான், இது ஈஎன்டிபி இல்லாம வேற என்ன?" அவன் ஆதாரமா காட்டறது தஞ்சாவூர் அரண்மனை சீன். சக்கரவர்த்தி சுந்தர சோழர்கிட்ட ஓலையைக் குடுக்கறப்ப இவன் "அபாயம்"னு எச்சரிக்கறான், அது கோட்டைத் தளபதி சின்னப் பழுவேட்டரையர் காதுல விழுந்து என்னடா சொன்னேன்னு அவர் பிடிச்சுக்க, இவன் கண் சிமிட்டற நேரத்துல "அபயம்"னுதான் சொன்னேன்னு மாத்திடறான். ஒரே ஒரு கால் எழுத்தைத் தூக்கிட்டு தலை தப்பிக்கறான். எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு சிலிர்க்கற இடம் அது.

ஆனா தம்பி, அது ஐடியா இல்லடா. அது ரிஃப்ளெக்ஸ். பந்து முகத்துக்கு வர்றப்ப பேட்டைத் திருப்பற மாதிரி. முன்னாடியே யோசிச்சு வச்சது எதுவும் அங்க கிடையாது, அந்த நிமிஷம் கையில என்ன இருக்கோ அதை வச்சு அடிக்கறான், இருந்தது ஒரு வார்த்தை, அதுல ஒரு எழுத்தை எடுத்துட்டான்.

எழுத்துங்கள மட்டும் பார்த்தா இது புரியாது. இதுக்கெல்லாம் மூலம் சுவிஸ் மனநல மருத்துவர் யுங் 1921-ல எழுதுன சைக்கலாஜிகல் டைப்ஸ், அதுலேர்ந்து எடுத்துதான் கேத்தரின் பிரிக்ஸும் அவங்க பொண்ணு இசபெல் மையர்ஸும் இந்த 16 டைப்பைக் கட்டுனாங்க. யுங் கேக்கறது, உலகம் உனக்குள்ள எந்த வாசல் வழியா வருதுங்கறதுதான். கண்ணு காது கை வழியா இப்ப இருக்கறது இருக்கறபடி வந்தா சென்சிங். இருக்கறதைத் தாண்டி இது எங்க போகும், இதுக்குப் பின்னாடி என்னன்னு ஊகமா வந்தா இன்ட்யூஷன். பேச்சுத்திறமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!

இப்ப நாவலோட முதல் அத்தியாயத்தைத் திறங்க. ஆடிப் பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரை மேல வர்றான். ஏரியைப் பார்க்கறான், கணவாய் வழியா தண்ணி பாயறதைப் பார்க்கறான், பொண்ணுங்க பாடறதைக் கேக்கறான், ஜனங்க உக்காந்து சித்திரான்னம் சாப்புடறதைப் பார்க்கறான். அப்படியே முழுகிப் போறான். இளவரசர் ஆதித்த கரிகாலர் குடுத்த ரகசிய ஓலை இடுப்புல இருக்கு, போற வழியெல்லாம் ஆபத்து, ஆனா அவனுக்கு அந்தத் தண்ணி முக்கியம். ஊகம் வழியா உலகத்தை வாங்கறவன் இப்படியா ஒரு ஏரியைப் பார்ப்பான்?

என்னோட பெரிய ஆதாரம் வேற. இவனோட ஊகம் முக்கியமான இடத்துல எல்லாம் தப்பும், கைகால் தப்பாது. கடம்பூர் மாளிகைல மறைஞ்சிருந்து சதிக்கூட்டத்தைப் பார்க்கறான், அந்தக் கூட்டம் அடுத்த ராஜாவாக்க நினைக்கற மதுராந்தகர் மூடுபல்லக்குல வந்து இறங்குனதைத் தெரிஞ்சுக்கறான். அப்புறம் வழியில அதே பல்லக்கைப் பார்த்ததும் உள்ள அவர்தான்னு முடிவு பண்ணிட்டு, பல்லக்குத் தூக்கறவங்க என் குதிரையை இடிச்சுட்டாங்கன்னு மகாராஜாகிட்ட முறையிடப் போறான். திரை விலகுனா உள்ள பெரிய பழுவேட்டரையரோட மனைவி நந்தினி. ஊகம் அவுட். ஆனா அடுத்த நொடி அவளைப் பார்த்ததும் பேச்சை எப்படித் திருப்பறான் பாருங்க, முத்திரை மோதிரத்தையே வாங்கிட்டு வந்துடறான்.

இலங்கைக் கடற்கரைலயும் இதே கதை. கரிகாலரோட தம்பி, இளவரசர் அருள்மொழிவர்மர், ஒரு கப்பல்ல இருக்கார்னு நம்பி தன்னந்தனியா போய் ஏறுறான், அங்க இருந்தது சதிகாரன் ரவிதாஸனோட கூட்டம், கடைசில புயல்ல இளவரசர்தான் வந்து இவனைக் காப்பாத்த வேண்டியதாப் போச்சு. கோடிக்கரைல படகுக்காரி பூங்குழலியைத் துரத்திட்டு ஓடி புதைசேத்துல மாட்டறதும் அப்படித்தான், ஓடற வழி என்ன வழின்னு யோசிக்கவே இல்ல, ஓடறா, நானும் ஓடறேன், அவ்ளோதான்.

நாவல்ல ஈஎன்டிபி வேணும்னா வைஷ்ணவ ஒற்றர் ஆழ்வார்க்கடியான் இருக்கார். வீரசைவர்கிட்ட ஒரு வாதம், அத்வைதிகிட்ட ஒரு வாதம், தடியைத் தூக்கறது கூட வாதத்தோட ஒரு பாகம். நாலு துண்டு சேதி கிடைச்சா ஒட்டிப் பார்த்து அஞ்சாவதைக் கண்டுபிடிக்கறவர். வந்தியத்தேவன் போற இடத்துக்கெல்லாம் எப்படியோ அவரும் வந்து நிக்கறார்ல, அது காலால ஓடி மட்டும் நடக்கற விஷயம் இல்ல. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாருங்க, ஒருத்தருக்கு பேச்சு விளையாட்டு, இன்னொருத்தனுக்கு பேச்சு கேடயம்.

தம்பி கடைசியா சொன்னதுதான் எனக்கு நிஜமாவே கோவத்தைக் கிளப்புச்சு. "இவ்ளோ புத்திசாலி எப்படிக்கா சென்சிங் ஆளா இருப்பான்?" இந்த வியாதி டைப்பாலஜி பேசறவங்க நிறைய பேருக்கு இருக்கு. கேரக்டர் கொஞ்சம் மூளைக்காரனா தெரிஞ்சா உடனே என்-ங்கற (N) எழுத்துப் பக்கம் தள்ளிடறது, எஸ்-ஸுன்னா சோறு தின்னுட்டு சொன்ன வேலையைச் செய்யறவன்னு நினைக்கறது. எங்க மாமா லாரி மெக்கானிக். தூரத்துல வர்ற வண்டிச் சத்தத்தைக் கேட்டே எதுல கோளாறுன்னு சொல்லுவார், அவர் சொன்னதைத்தான் பிரிச்சுப் பார்த்தா இருக்கும். தத்துவம் பேச மாட்டார், எதிர்காலம் பத்திக் கேட்டா சிரிச்சுட்டுப் போயிடுவார். அது புத்தி இல்லையா? காதும் விரலும் யோசிக்கறதும் யோசனைதானே. வந்தியத்தேவனுக்கு இருக்கறது அந்தப் புத்தி. அவனை ஈஎன்டிபி-ன்னு சொல்றது அவனுக்குப் பதவி உயர்வு இல்ல, அவன்கிட்ட இருக்கறதை மறைக்கறது.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு, அதையும் சொல்லிடணும். கல்கி இதை 1950-லேர்ந்து 1954 வரைக்கும் பத்திரிகைல தொடரா எழுதுனார். வாரா வாரம் ஹீரோ எங்கயாவது மாட்டணும், அடுத்த வாரம் தப்பிக்கணும். அதனால அவனோட சாமர்த்தியத்துல பாதி தொடர்கதையோட தேவை, குணம்னு எடுத்துக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னா நான் யோசிப்பேன். ஆனா எப்படி மாட்டறான்ங்கறது கல்கி தேர்ந்தெடுத்தது. தப்புக்கணக்கு போட்டு மாட்டற ஹீரோவை எழுதலாம், இவர் கணக்கே போடாம குதிச்சு மாட்டற ஹீரோவைல்ல எழுதியிருக்கார்.

2022-ல படம் வந்தப்புறம் வந்தியத்தேவனா நடிச்ச கார்த்தியை வச்சு ஈஎஸ்எஃப்பி-ங்கறவங்களும் இருக்காங்க. அது கிட்டத்தட்ட சரி, என்கூட அரைவழி வந்துட்டாங்க. எஃப்-னா மனசுக்குப் பட்டதை வச்சு முடிவெடுக்கறது, டி-னா தர்க்கத்தை வச்சு. நான் டி-ன்னு நிக்கறதுக்குக் காரணம், எதிர்ல நிக்கறவங்களுக்கு என்ன வார்த்தை வேலை செய்யும்னு அவன் சட்டுனு கணக்கு போடறான், தனக்கு என்ன தோணுதுங்கறதை அங்க கொண்டு வர்றதே இல்ல.

இதெல்லாம் சயின்ஸான்னு கேக்கறவங்களுக்கு, ஆராய்ச்சி பண்ற சைக்காலஜிஸ்ட்டுங்க பெரும்பாலும் பிக் ஃபைவ், அதாவது குணத்தை அஞ்சு அளவுகோலால அளக்கற முறை பக்கம்தான் இருக்காங்க, எம்பிடிஐ-யை அவ்வளவா ஏத்துக்கறதில்ல, எனக்கும் அதுல மறுப்பு இல்ல. வேலைக்கு ஆள் எடுக்க இதை வச்சா நானே எதிர்ப்பேன். ஆனா இந்த வாக்குவாதத்தால ரெண்டு வாரத்துல நானும் அவனும் அஞ்சு பாகத்தையும் மறுபடி புரட்டிட்டோம்.

என்னியாகிராம்ல (ஆளுங்களை 9 டைப்பா பிரிக்கற இன்னொரு முறை) மட்டும் எனக்கு இன்னும் முடிவு வரல. எல்லாரும் 7, அதாவது வலியைத் தவிர்த்துட்டு சந்தோஷத்தைத் தேடற டைப்புங்கறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ராஜ்யம் போன வாணர் குலத்துல பொறந்துட்டு சிரிச்சுட்டே சுத்தறவன், வலி வந்தா பேச்சால தாண்டிடறவன். ஆனா கடைசி அத்தியாயத்துல அவனைக் காதலிச்ச மணிமேகலை அவன் மடில உயிரை விடறா. 7-ஆ இருந்தா அங்கேர்ந்து எப்படியாவது நழுவத் தோணும். அவன் நழுவல. கதை முழுக்க ஓடிட்டே இருந்த ஆளு அங்க அசையாம உக்காந்திருக்கான்.