கேஸ் போட்டதால் பிழைத்த படம்

தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் இன்றைக்குக் கிட்டத்தட்ட முழுசாகப் பார்க்கக் கிடைப்பது ஒன்றே ஒன்று, ‘மார்த்தாண்ட வர்மா’. அது பிழைத்ததற்குக் காரணம் ஒரு வழக்கு!

சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலை வைத்து பி.வி. ராவ் இயக்கிய படம் அது. 1933-ல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் வெளியானது. ஆனால் நாவலின் உரிமை கமலாலயா புக் டெப்போவிடம் இருந்தது. அவர்கள் கோர்ட்டுக்குப் போக, படம் சில நாளிலேயே நின்று, பிரதி பறிமுதலானது. தயாரிப்பாளர் சுந்தர்ராஜுக்குப் பெரிய அடி, பாவம். ஆனால் அதனாலேயே அந்தப் பிரதி ஊர் ஊராக ஓடித் தேயாமல் தப்பித்தது. 1974-ல் பி.கே. நாயரின் முயற்சியால் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு வந்தது.

நன்றாக ஓடிய படத்தின் கதியைப் பாருங்கள். நடராஜ முதலியார் சென்னையில் 35,000 ரூபாய் போட்டு எடுத்த ‘கீசக வதம்’ 50,000 வசூலித்ததாகச் சொல்வார்கள். பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் வரை போனது. இதுவரை ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், நாளானால் பிசுபிசுத்துப் பொடியாகும். போதாததற்கு அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கியும் விற்றார்கள். இந்தியாவில் எடுத்த 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்களில் முழுசும் துண்டுமாக மிஞ்சியவை 30-க்குப் பக்கம்தான்.

‘ஐயோ, போச்சே’ என்று வருஷா வருஷம் புலம்புவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. தேடுகிற இடத்தை மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. படம் எடுத்த ஊரைவிட, அது கடைசியாக ஓடிய ஊரில்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கொடுக்க யாருக்கும் மனசு வராது. கனடாவின் டாசன் சிட்டியில் 1978-ல் மண்ணுக்கடியிலிருந்து 500-க்கும் மேற்பட்ட ரீல்கள் கிடைத்தன. ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஃபோர்டின் தொலைந்த படம் ஒன்று நியூசிலாந்தில் கிடைத்தது. சரி, ரங்கூன் புழுக்கத்தில் நைட்ரேட் நூறு வருஷம் தாங்குமா என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். அதனால் ஐரோப்பியக் காப்பகங்களின் பெயர் தெரியாத டப்பாக்கள்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். 1919-ல் கல்கத்தாவில் எடுத்த ‘பில்வமங்கல்’ படத்தின் ஒரு பகுதி பாரீஸ் காப்பகத்தில் இருந்தது, அதன் டிஜிட்டல் பிரதி 2016-ல்தான் புனேவுக்கு வந்தது.

அங்கே இருப்பவர்களுக்குக் கீசகன் யார், துச்சாதனன் யார் என்று எப்படித் தெரியும்? பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த நம் ஊர்ப் பெரியவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2012-ல் இதற்காகவே ஒரு கூட்டம் ஆரம்பித்தது. அடையாளம் தெரியாத துண்டுகளைத் திரையில் ஓட்டுவார்கள். பார்ப்பவர்கள் நடிகர், கார், கடைப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் கத்திச் சொல்வார்கள். மௌனப் படம், சத்தம் போட்டால் யாருக்கும் தொந்தரவில்லை!

சென்னையிலும் இப்படி ஒன்று நடத்தலாமே. வெளிநாட்டுக் காப்பகங்களிடம் அடையாளம் தெரியாத இந்தியத் துண்டுகளின் டிஜிட்டல் பிரதியைக் கேட்டு வாங்கி, கூத்துக் கலைஞர்களையும் பழைய பட்டணத்தின் போட்டோ சேர்ப்பவர்களையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். ‘கீசக வத’த்தின் டைட்டில் கார்டுகள், அதாவது காட்சிகளுக்கு நடுவே கதையையும் வசனத்தையும் எழுதிக் காட்டும் அட்டைகள், தமிழிலும் இருந்தன. இந்தி கார்டுகளை எழுதியவர் காந்தியின் மகன் தேவதாஸ் என்பார்கள். ஆக, தமிழ் எழுத்து தெரியும் துண்டுகளைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.