கறுப்புத் தாமரைக்கு 'உயிர்' கொடுத்த மகானுபாவருக்கு

அந்தப் பிங்க் தாமரைப் பதிவு இந்நேரம் உங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். சீன ஓவியர் பாதா ஷான்ரென் கறுப்பு மையில் வரைந்த தாமரையை ஏதோ ஒரு ஆப்பில் போட்டு, பூவுக்குப் பிங்க், இலைக்குப் பச்சை, மிச்ச இடத்துக்கு நீலத் தண்ணீர் என்று அடைத்துவிட்டு, "இப்பதான் படத்துக்கு உயிர் வந்திருக்கு" என்று ஒரு வரி வேறு. இதயங்கள் கொட்டிக் கிடக்கின்றன. நல்லவேளை, ரெண்டு தவளையைச் சேர்க்கவில்லை.

ஐயா, அது கலர் அடிக்காமல் விட்ட படம் இல்லை. கறுப்பிலேயே முடிந்த படம்.

இலையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் தண்ணீர் கலந்த வெளிர் மை. அது காய்வதற்குள் மேலே கெட்டி மை. ஷுவான் என்ற சீனத் தாள் அதை உறிஞ்சி ஓரமெல்லாம் கசியவிடும். ஒரே இலைக்குள் புகை நிறம் முதல் கரி நிறம் வரை இருக்கிறது. தண்டு ஒரே இழுப்பு. கை தயங்கினால் அங்கே மை ஊறிவிடும், அழிக்க வழியில்லை. பூவுக்குச் சில கோடுகள்தான், இதழின் வெள்ளை தாளின் வெள்ளை. தண்ணீரை அவர் வரையவே இல்லை. நீங்கள் நீலம் பூசியது அங்கேதான்.

"என் பையன் ரெண்டு நிமிஷத்துல வரைவான்" என்கிறார் ஒருவர். வரையட்டும். 1697-இல், எழுபதைத் தாண்டிய வயதில், இதே ஓவியர் ஏறக்குறைய 13 மீட்டர் நீளச் சுருளில் தாமரை வரைந்தார். மாதக்கணக்கில் வரைந்தார். தியான்ஜின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"சீனாவிலேயே கலர் தாமரை இருக்கே?" இருக்கிறது. சோங் அரச வம்சக் காலத்து ஓவியம் ஒன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உண்டு. ஒற்றைப் பூ, இளஞ்சிவப்பு, அவ்வளவு அழகு. அதை யாராவது கறுப்பு வெள்ளையாக்கி "இப்பதான் உயிர் வந்திருக்கு" என்றார்களா?

தாமரை என்றதுமே கட்சிக் கொடியோடு கமெண்டில் வந்து நிற்பவர்களுக்கு: ஓவியர் 1705-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். விட்டுவிடுங்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு கொதிக்கிறாய் என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு குளத்தைப் பென்சிலில் மட்டும் வரைந்து கொடுத்தேன். ட்ராயிங் மாஸ்டர் நோட்டை வகுப்புக்கே தூக்கிக் காட்டி, "துரைக்குக் கலர் பென்சில் வாங்க வக்கில்லையாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கலர் பெட்டி என் பையிலேயே இருந்தது. அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை.

அதனால் நான் மிகைப்படுத்துகிறேன் என்றால், சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஓவியரின் கதையும் தெரிந்துகொள்ளுங்கள். சீனாவை ஆண்ட மிங் அரச குலத்தில் 1626-இல் பிறந்தவர். 1644-இல் பேரரசு சரிந்தது. மொட்டையடித்துத் துறவியானார், நடுவில் புத்தி பேதலித்துத் தெருவில் திரிந்ததாகவும் சொல்கிறார்கள். அப்புறம் பிழைப்புக்குப் படம் வரைந்து விற்றார். இத்தனையையும் பார்த்துவிட்டு வந்த கை வரைந்த படத்துக்கு, நீங்கள் போனில் தடவி உயிர் கொடுக்கிறீர்கள்.

"கலைக்கு எல்லை ஏது, ரீமிக்ஸ் பண்ணினால் என்ன?" பண்ணுங்கள், உங்கள் பெயரில் பண்ணுங்கள். அசலையும் பக்கத்தில் போடுங்கள் என்று மரியாதையாகத்தான் கமெண்ட் போட்டேன். அரை மணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள்.

அசல் கீழே இருக்கிறது. அதற்கும் கலர் அடித்து அனுப்புகிறவர்களை யோசிக்காமல் ப்ளாக் செய்வேன், சொந்தக்காரர்கள் உட்பட.