என் சாம்பார் ஆகும், என் பிஸ்கட் ஆகாதா?

சனிக்கிழமை, பேய்ப் பண்டிகையான ஹாலோவீனுக்கு நாம் வைத்த விருந்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நியூ ஜெர்சியில் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிடும் நம் குடும்பங்களின் செய்திக் குழுவில் வந்த விருந்துப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். ‘குழந்தைகளின் பாதுகாப்பே முக்கியம்’ என்ற வாசகத்தையும், அதன் கீழே வரிசையாக விழுந்த கைகூப்புகளையும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று இரவு ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பி, “மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், எல்லாம் பிள்ளைகளின் நன்மைக்குத்தானே” என்றார். அந்த ஆறுதல்தான் என்னை எழுத உட்கார வைத்துவிட்டது.

ஹாலோவீன் விருந்துக்கு நான் செய்துகொண்டுபோன இரண்டு தட்டுப் பலகாரமும் மேசைக்கு வரவில்லை. அந்த இடத்தில் கடைப் பொட்டலங்கள் குவிந்திருந்தன. “வீட்டில் செய்ததை வைக்க வேண்டாமே என்று பார்த்தோம்” என்றார் விருந்தை ஏற்பாடு செய்த அக்கா. இன்னும் அக்கா என்றுதான் அழைக்கிறேன்.

ஆகஸ்டில் பூங்காவில் நாம் கூடியபோது நாற்பது பேருக்குச் சாம்பார் யார் வைத்தது? அதைச் சமைத்த பாத்திரத்தை யாராவது வந்து பார்த்தீர்களா? துவரம்பருப்பை எங்கே வாங்கினாய் என்று கேட்டீர்களா? இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டீர்கள், மிச்சத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டும் போனீர்கள். அதே அடுப்படி, அதே கை. என் சாம்பார் ஆகும், என் பிஸ்கட் ஆகாதா?

அந்தத் தட்டுகளில் என்ன இருந்தது என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒன்றில் சூனியக்காரி விரல்கள் என்ற பிஸ்கட். இரண்டு கட்டி வெண்ணெய், பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, மைதா. மாவை ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் ஓவனில் விரல் பரந்து வாழைக்காய் பஜ்ஜி போலாகிவிடும். விரல் தடிமனுக்குக் கூட உருட்டக் கூடாது, அதைவிட மெலிதாக உருட்ட வேண்டும், வேகும்போது ஊதும். நடுவில் இரண்டு இடங்களில் லேசாகப் பிடித்துவிட்டால் முட்டி வந்துவிடும், கத்தி முனையால் மூன்று கீறல் போட்டால் தோல் சுருக்கம். நுனியில் ஒரு பாதாமை அழுத்தினால் நகம். வெந்து ஆறிய பிறகு பாதாமைப் பெயர்த்து, ஒரு துளி ஸ்ட்ராபெர்ரி ஜாமை வைத்து மறுபடியும் அழுத்தினால் ஓரத்தில் ரத்தம் கசியும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சந்தோஷத்தை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு நகத்துக்கும் “ஐயோ, வலிக்குது” என்று என் மகளே கத்தி, அவளே சிரித்தாள்.

இன்னொன்றில் பேய்கள். முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, பையில் போட்டுக் கூம்பு கூம்பாகப் பிழிந்து, 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒன்றரை மணி நேரம் காயவைத்தது. மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் நுரை எழும்பாது. மகள் முதன்முதலாகத் தானே முட்டை பிரித்த நாள் அது. மூன்று முட்டைகள் வீண், அடுத்த நாள் காலையில் ஆம்லெட். சாக்லெட்டை உருக்கிப் பல்குத்தும் குச்சியால் கண்கள் வைத்தோம். ஒரு பேய்க்கு ஒரு கண் பெரிதாகவும் மற்றது நெற்றிக்கு ஏறியும் போய்விட்டது. அதற்குத் ‘தூக்கக் கலக்கப் பேய்’ என்று பெயர் வைத்தாள்.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன்.

“ஒவ்வாமை இருக்கும் பிள்ளைகள் வருவார்களே?” நியாயமான கேள்வி. இதைக் கேட்டவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. என் மகளின் வகுப்பில் ஊசி மருந்து இல்லாமல் வெளியே போகாத ஒரு பையன் இருக்கிறான், அவன் அம்மா படும் பாட்டை நேரில் பார்த்தவள் நான். அதனால்தான் பாதாம் வைத்த விரல்கள் தனித் தட்டில் மூடியோடு, பூசணி விதையை நகமாக வைத்து முதலில் செய்த விரல்கள் பேய்களோடு இன்னொரு தட்டில். முட்டை, பால், கோதுமை, பாதாம் எல்லாவற்றையும் அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன். கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டியில் பிறந்தவள், ஒரு வாரம் நிலக்கடலையை அடுப்படிக்குள் விடாமல் இருந்திருக்கிறேன். என் வாசலில் நீலப்பச்சை வண்ணம் பூசிய பூசணிக்காய் இருப்பதை வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இங்கே பென்சிலோ ஸ்டிக்கரோ கிடைக்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். 2014இல் நாடு முழுவதும் பரவிய பழக்கம். பள்ளியில் பொட்டலத்தில் வந்ததுதான் ஆகும் என்கிறார்கள், சரி என்று வாங்கிக் கொடுக்கிறேன். ஹாலோவீன் மாலையில் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டி வரும் முகம் தெரியாத பிள்ளைகளுக்கும் பொட்டலம்தான். நான் பேசுவது நம் விருந்தைப் பற்றி. மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுகிற நம்மைப் பற்றி.

“மிட்டாயில் ஊசி வைக்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள் என்று செய்தி வருகிறதே?” வருகிறது, ஒவ்வோர் அக்டோபரிலும் வருகிறது. டெலவர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் என்பவர் 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் ஹாலோவீனுக்குக் கொடுத்த பண்டத்தில் எதையோ கலந்து, அதனால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவத்தைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. 1974இல் டெக்சாஸில் எட்டு வயதுப் பையன் சயனைடால் இறந்தது உண்மை. கொடுத்தது பெற்ற தகப்பன், காப்பீட்டுப் பணத்துக்காக. எதில் கலந்து கொடுத்தான் தெரியுமா? கடையில் விற்கும் குழல் மிட்டாய்ப் பொடியில். 1982இல் சிகாகோவில் தலைவலி மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்களே, அந்தப் பீதியில்தான் ஹாலோவீன் மிட்டாய் மேலும் சந்தேகம் ஏறியது. அதுவும் கடை அலமாரியில் இருந்த புட்டிதான். பக்கத்து வீட்டுப் பெண் பிசைந்த மாவு இந்தக் கதைகளில் எங்கே வருகிறது?

பொட்டலம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நான்கு சைவக் குடும்பங்கள் வந்திருந்த விருந்தில், என் தட்டுகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தது ஜெல்லிப் புழுக்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஜெலட்டின். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முட்டை போட்டதை எழுதி ஒட்டினேன். அந்தப் பொட்டலத்தைப் படித்தது அங்கே நான் ஒருத்திதான். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

“உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதே” என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. சாம்பார் வைத்த அன்றும் பூனை இருந்தது.

அடுத்து நம் பண்பாட்டுக் காவலர். “பேய்ப் பண்டிகைக்குப் பலகாரமா? தீபாவளிக்கு அதிரசம் சுடத் தெரியுமா இவருக்கு?” ஐயா, தெரியும். பாகுப் பதம் பார்த்து, மாவைப் புளிக்க வைத்து, உடையாமல் சுடத் தெரியும். 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்றே சேர்ந்து வந்தன, நினைவிருக்கிறதா? காலையில் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி லேகியம் உருட்டிக் கொடுத்தேன். மாலையில் அதே பிள்ளை எலும்புக்கூடாகத் தெருவில் இறங்கினாள். இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளவில்லை. மகாளய அமாவாசைக்கு முன்னோருக்குப் படைத்துக் காக்கைக்குச் சோறு வைக்கிற நமக்கு, செத்தவர்களை நினைத்து ஒரு நாள் என்பது அவ்வளவு அந்நியமா? இங்கிலாந்தில் முன்பு ஹாலோவீனை ஒட்டிய நாட்களில் வீடு வீடாக வந்து பாடும் ஏழைகளுக்கு, இறந்தவர்களின் பெயரால் சின்ன கேக்குகளைச் சுட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அயர்லாந்தில் உலர்பழ ரொட்டிக்குள் ஒரு மோதிரத்தை ஒளித்து வைப்பார்கள், அது கிடைத்தவருக்கு அடுத்த கல்யாணம். ஹாலோவீன் விளக்குக்குப் பூசணிக்காயைக் குடைவதற்கு முன் அங்கே டர்னிப் கிழங்கைத்தான் குடைந்திருக்கிறார்கள். பஞ்சம் பிழைக்க அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் கொண்டுவந்த பழக்கம் இது. நாமும் நியூ ஜெர்சிக்குப் பிழைக்கத்தானே வந்தோம்? வேரில் இருப்பது வீட்டுப் பலகாரம்தான், ஜெல்லிப் புழு பிற்பாடு வந்தது.

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா பதினான்கு தட்டு அடுக்குவாள். டீச்சர் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு வரும். ரமலானில் எதிர்வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வரும். எந்தத் தட்டும் வெறுமனே திரும்பாது, வீட்டில் ஒன்றுமில்லாத நாளிலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அம்மா கொடுத்தனுப்புவாள். காலம் மாறிவிட்டது என்பீர்கள். மாறட்டும். என் இரண்டு தட்டுகளையும் ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்துப் பையில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தீர்கள். மணிகூட அடிக்கவில்லை.

எனக்கு வலித்தது ஒவ்வாமையும் இல்லை, ஊசியும் இல்லை. அடுப்படியில் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “அவளுக்கு நேரம் இருக்கிறது, செய்கிறாள்.” ஆமாம், ஏப்ரலில் வேலை போனதிலிருந்து நேரம் இருக்கிறது. முன்பு வேலை இருந்தபோது, இரவு பதினோரு மணிக்கு அலுவலகக் கணினியை மூடிவிட்டு உங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு கேக் செய்தவளும் நான்தான். அப்போது ‘எப்படித்தான் முடிகிறதோ’ என்றீர்கள். அப்போது சுத்தமாக இருந்த கை இப்போது என்ன ஆனது? இது பாதுகாப்பைப் பற்றிய விஷயம் என்று எனக்கு இன்னொரு முறை சொல்லாதீர்கள், தயவுசெய்து.

தட்டுகளில் இருந்தவை எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. மகள் ஜூஸ் டப்பாவைப் போடக் குப்பைத் தொட்டியைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது தூக்கக் கலக்கப் பேய். அவள் அழவில்லை. காரில் வரும்போது, “அம்மா, அதற்குக் கண் சரியாக வைக்கவில்லை, அதனாலா?” என்றாள்.

விரல்களில் எல்லாவற்றையும் நான் கொண்டுவரவில்லை. பதினொன்று இன்னும் வீட்டில் டப்பாவில் இருக்கின்றன. ஐந்தாம் நாளில்தான் வெண்ணெய் வாசம் நன்றாக ஏறும், காப்பிக்கு அருமையாக இருக்கும். வருகிறவர்கள் வரலாம். பாதாம் இருக்கிறது. பூனையும் இருக்கிறது.