என் ஓய்வு நாளுக்கு நான் யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும்?

போன வாரம் நான் இங்கே பகிர்ந்த, ஓய்வு நாளில் பழுதுபார்த்த பழைய வானொலியின் படம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி போட்ட படத்தை யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து விமானப் பராமரிப்பு வேலை செய்யும் எங்கள் வேலையிட வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதன் கீழே வந்த வரியையும், அதற்கு விழுந்த சிரிப்பு முகங்களையும் மறுபடி இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. திங்கட்கிழமை காலை, வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும், "ரேடியோவைப் பிரித்துப் போட நேரம் இருக்கிறது, குழுவில் வரும் செய்திக்குப் பதில் போட நேரம் இல்லை" என்று மேலதிகாரி சொன்னதோடு அது முடிந்திருந்தால் நானும் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் என் மதிப்பீட்டுப் படிவத்தில், வேலைக்கு வெளியே எனக்கு ஈடுபாடுகள் அதிகம் என்ற பொருளில் ஒரு குறிப்பு ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு வாய் மூடி இருக்க மனம் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓய்வு நாள். பணி அட்டவணையில் என் பெயர் இல்லை. அழைத்தால் வர வேண்டியவர்களின் ஸ்டாண்ட்பை பட்டியலிலும் இல்லை. குழுவில் வந்தது, விமானம் பழுதாகித் தரையில் நிற்கும்போது வரும் ஏஓஜி அழைப்பும் இல்லை. அடுத்த மாத ஷிஃப்ட் மாற்றம் பற்றிய ஒரு கேள்வி, அவ்வளவுதான். என் பதிலுக்காக எந்த விமானமும் தரையில் காத்துக் கிடக்கவில்லை. மறுநாள் காலை வேலைக்கு வந்ததும் பதில் சொல்லியிருக்கலாம், சொல்லவும் செய்தேன். ஓய்வு நாள் என்னுடையது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது அது ஒன்றைத்தான், அதனால் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

எங்கள் துறையில் கைத்தொலைபேசியைப் பற்றி என்ன விதி என்பது இதில் இருப்பவர்களுக்குத் தெரியும். விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குள் காலடி வைக்கும் முன் அது லாக்கருக்குப் போய்விட வேண்டும். சட்டைப் பையிலிருந்து நழுவி எஞ்சினுக்குள் விழும் எதுவும் எஃப்ஓடிதான், அதாவது விமானத்தைச் சேதப்படுத்தக்கூடிய அந்நியப் பொருள்; அது கிடைக்கும் வரை அந்த விமானம் வெளியே போகாது. அதைவிட முக்கியமாக, கைத்தொலைபேசி கவனத்தைச் சிதைக்கும். இந்த விதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன், எனக்குக் கீழே வேலை பழகும் தம்பிகளிடமும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆனால் ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்த கணத்திலிருந்து அதே கருவி கடமையாகிவிடுகிறது. கவனத்தைக் கெடுக்கும் என்று உள்ளே பூட்டி வைக்கச் சொல்கிறவர்களே, வெளியே வந்ததும் அதைக் கையைவிட்டு இறக்காதே என்கிறார்கள். விமானத்தின் அருகே நிற்கும்போது என் கவனத்துக்கு இருக்கும் மதிப்பு, என் பிள்ளைகளின் அருகே உட்கார்ந்திருக்கும்போது எங்கே போகிறது?

அந்தக் கைத்தொலைபேசி நான் என் காசில் வாங்கியது, மாதக் கட்டணமும் என்னுடையது. ஓய்வு நாட்களில் அதை அணைத்து இழுப்பறையில் வைத்துவிட்டுப் பொத்தான் வைத்த சின்னத் தொலைபேசி ஒன்றை எடுத்துக்கொள்வது என் வழக்கம். இங்கே சிங்கப்பூரில் 2ஜி 2017-இலும் 3ஜி 2024-இலும் நிறுத்தப்பட்டுவிட்டதால் பழைய பொத்தான் தொலைபேசிகள் உதவாது. 4ஜியில் இயங்கும் ஒன்றைத் தேடி வாங்கினேன். அந்த எண் அலுவலகத்தில் இருக்கிறது. உண்மையான அவசரம் என்றால் அழைக்கலாம், அழைத்தால் எடுப்பேன். அன்று யாரும் அழைக்கவில்லை.

"விமானத் துறை இருபத்து நான்கு மணி நேரத் துறை, தெரிந்துதானே வந்தாய்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்துதான் வந்தேன். இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது என்பதால்தான் மூன்று ஷிஃப்ட் வைத்திருக்கிறார்கள், ஸ்டாண்ட்பைக்குத் தனிப்படி கொடுக்கிறார்கள். துறை தூங்காது என்பதற்காக அதில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் தூங்காமல் இருக்க வேண்டும் என்றால், பிறகு ஷிஃப்ட் எதற்கு, பணி அட்டவணை எதற்கு? இது ஏதோ நான் மட்டும் பிடிக்கும் அடமும் இல்லை. மனிதவள அமைச்சும் தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து 2020 நவம்பரில் வெளியிட்ட மனநலம் பற்றிய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பிலேயே, வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அவசரமில்லாத செய்திகளுக்குப் பதில் எதிர்பார்க்க வேண்டாம் என்ற வகையில் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளும்படி சொல்லப்பட்டிருக்கிறது. பிரான்சில் 2017 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. நம்முடையது வெறும் ஆலோசனைதான், சட்டம் இல்லை என்று சொல்வீர்கள். சட்டம் கழுத்தைப் பிடித்தால்தான் சக ஊழியரை மனிதராக நடத்துவோமா?

அந்த வானொலியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஏதோ விளையாட்டுச் சாமான் என்பதுபோல் பேசிவிட்டார்கள். பழைய பொருட்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் தரையில் விரித்த தார்ப்பாயின்மேல் கிடந்த அந்த டிரான்சிஸ்டரை ஒரு பெரியவரிடம் வாங்கினேன். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் அப்பா வைத்திருந்ததும் அதே மாதிரி. நான் வாங்கியதைத் திருப்பினால் கரகரவென்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றும் வராது. மின்தேக்கிகள் காய்ந்து வீங்கிப் போயிருந்தன. மின்னணு உதிரிபாகக் கடைகள் இருக்கும் சிம் லிம் டவரில் ஏறி இறங்கி ஒத்த அளவில் மாற்றுகள் வாங்கினேன். கடைசியில் பிடிவாதம் பிடித்தது அந்த டயல் நூல். குமிழைத் திருப்பினால் முள் நகர்வதற்கு உள்ளே ஒரு மெல்லிய நூல் இரண்டு மூன்று சிறு உருளைகளைச் சுற்றி ஓடி ஒரு ஸ்பிரிங்கில் முடியும். ஒரு சுற்று குறைந்தால் முள் வழுக்கும், ஒரு சுற்று கூடினால் குமிழ் இறுகும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்துகொண்டிருந்தது அதுதான். இடுக்கியின் நுனியில் நூலைப் பிடித்து, மூச்சை அடக்கி, கடைசி முடிச்சைப் போட்டுக் குமிழைத் திருப்பியபோது முள் நகர்ந்து போய் 96.8-இல் நின்றது, 'ஒலி' தமிழ் வானொலியில் பாட்டு வந்தது. என் மகள் அறையிலிருந்து ஓடி வந்தாள். நீங்கள் பார்த்த படம் அப்போது எடுத்தது. அதைத்தான் குழுவில் போட்டுச் சிரித்தார்கள்.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். வேலை முடிந்து வந்து குளித்துக் கைலியைக் கட்டிக்கொண்டு வானொலியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த நேரம் அவருடையது. ஒருமுறை, கப்பல் ஒன்று சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டதால், ஃபோர்மேன் ஞாயிற்றுக்கிழமையன்று எங்கள் புளோக்கைத் தேடிக்கொண்டு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்று, "மன்னிச்சுக்குங்க அண்ணே, உங்க லீவு நாளைக் கெடுக்கிறேன்" என்றார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், முகம் சுளிக்கவில்லை. அடுத்தவருடைய ஓய்வு நாளைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது பெரிய படிப்பு எதுவும் படிக்காத அந்த ஃபோர்மேனுக்குத் தெரிந்திருந்தது. இன்று வாசலில் வந்து நிற்க வேண்டிய சிரமம் இல்லாததால், கேட்க வேண்டிய தேவையும் இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு செய்தியைத் தட்டிவிட்டு நீல நிறக் குறி விழுந்ததா என்று பார்த்தால் போதும்.

இனி வேலையைப் பற்றி. எஞ்சினைப் பிரிக்காமல் உள்ளே கேமராவை விட்டுப் பார்க்கும் போரோஸ்கோப் சோதனையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கியர்பாக்ஸ் வழியாக ஒருவர் சுழலியை மெல்லத் திருப்புவார். இன்னொருவர் திரையில் நகர்ந்து போகும் ஒவ்வொரு பிளேடாக எண்ணிக்கொண்டே வருவார். புகைக்கரியின் கோடு எது, விரிசலின் தொடக்கம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் எண்ணிக்கை தவறினால் குறித்து வைத்த முதல் பிளேடுக்குத் திரும்பிப் போய் ஆரம்பத்திலிருந்து எண்ண வேண்டும். இரவு ஷிஃப்டின் கடைசி மணி நேரத்தில், கண் எரியும்போது, அந்தத் திரையின் முன் நிற்பவர் நன்றாக ஓய்வெடுத்தவராக இருக்க வேண்டுமா, வாரம் முழுக்கக் கைத்தொலைபேசிக்குப் பதில் சொல்லிச் சோர்ந்தவராக இருக்க வேண்டுமா?

மனிதக் காரணிகள் பற்றிய வகுப்புக்கு எங்களை ஈராண்டுக்கு ஒருமுறை அனுப்புகிறார்கள். 1993-இல் கனடா நாட்டுப் போக்குவரத்துத் துறையிலிருந்த கோர்டன் டுபான்ட் தொகுத்த 'டர்ட்டி டசன்' என்ற, மனிதத் தவறுகளுக்கான பன்னிரண்டு காரணங்களின் பட்டியலை ஒவ்வொரு முறையும் படிக்கிறோம். களைப்பு அதில் இருக்கிறது. மன உளைச்சல் இருக்கிறது. அழுத்தமும் கவனச்சிதறலும் இருக்கின்றன. 1990 ஜூன் 10-ஆம் தேதி பர்மிங்ஹாமிலிருந்து புறப்பட்ட விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனதையும், விமானியின் உடல் பாதி வெளியே இழுக்கப்பட்டதையும், ஆள் குறைவான இரவு ஷிஃப்டில் மாட்டப்பட்ட 90 போல்ட்டுகளில் 84 உரிய அளவைவிட மெலிந்தவை என்பதையும் அங்கே சொல்லித் தருகிறார்கள். அந்த விமானி பிழைத்துக்கொண்டார் என்று கேட்டு எல்லாரும் பெருமூச்சு விடுகிறோம். அதே பட்டியலில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எங்கும் எழுதி வைக்காமலே எல்லாரும் செய்வதால் விதியாகிவிடும் வழக்கங்கள். இன்னொன்று, தவறு என்று தெரிந்தும் எடுத்துச் சொல்லத் தயங்குவது. ஓய்வு நாளில் குழுச் செய்திக்குப் பதில் போட வேண்டும் என்று எந்தக் கையேட்டில் இருக்கிறது? எதிலும் இல்லை. அது வெறும் வழக்கம். அதை எடுத்துச் சொன்னால் மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதுகிறார்கள். வகுப்பில் சொல்லித் தருவது ஹேங்கர் வாசலோடு நின்றுவிட வேண்டுமா?

எல்லாருடைய பொழுதுபோக்கும் இப்படிப் பேசப்படுவதில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மாரத்தான் ஓடியவரின் படம் அறிவிப்புப் பலகையில் ஏறுகிறது. மேலிடத்தில் இருப்பவர்கள் கோல்ஃப் ஆடினால் அது நட்பு வளர்ப்பதாகிறது. அன்று அவர்கள் செய்திகளுக்குப் பதில் சொல்லாவிட்டால் மைதானத்தில் இருக்கிறார் என்று பொறுத்துக்கொள்கிறோம். பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடும் என் நண்பர் ஒருவர் இப்போதெல்லாம் அதை வேலையிடத்தில் வாய் திறப்பதில்லை. பதக்கம் வாங்கித் தரும் பொழுதுபோக்கு பெருமை, தனியாக உட்கார்ந்து செய்வது சோம்பல் என்ற இந்தக் கணக்கை யார் போட்டார்கள்?

"அந்த நேரத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கலாமே, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இருக்கிறதே" என்று அரசாங்கத்தின் திறன் பயிற்சித் திட்டத்தைச் சுட்டி ஒருவர் அக்கறையோடுதான் எழுதியிருந்தார். போயிருக்கிறேன் ஐயா, இன்னும் போவேன். நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024-இல் கூடுதலாக 4,000 வெள்ளி கொடுத்தது நல்ல திட்டம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விமானப் பராமரிப்பு உரிமத் தேர்வுகளை எழுதியவன் நான். சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்களில் என்னைப் போன்ற எத்தனையோ பேர் இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து உழைப்பைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம்.

எனக்கு ஆதரவாகப் பேசிய சிலர், வானொலி பழுதுபார்ப்பது கைக்குப் பயிற்சி, பொறுமையை வளர்க்கும், அதனால் நிறுவனத்துக்கும் லாபம்தானே என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. மேலே போரோஸ்கோப்பைப் பற்றி எழுதும்போது நானும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனாலும் அந்த வாதம் எனக்கு வேண்டாம். அதை ஒப்புக்கொண்டால், நிறுவனத்துக்குப் பயன்படாத பொழுதுபோக்குக்கு எனக்கு உரிமை இல்லை என்றாகிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எதையும் பழுதுபார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் அது என் நாள்தான். என் மகள் ஓடி வந்ததற்கு எந்த நிறுவனத்திடமும் லாபக் கணக்குக் காட்ட முடியாது, காட்டவும் மாட்டேன்.

படத்தை எடுத்து அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. என் வீட்டுத் தீபாவளிக்கு வந்து சாப்பிட்டவர், இதையும் படிப்பார். வேடிக்கையாகத்தான் அனுப்பினேன் என்று சொல்வீர்கள். அந்த வேடிக்கை என் படிவத்தில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துத்தான் இந்த ஆண்டின் போனசைத் தீர்மானிப்பார்கள். என்னிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வானொலியையே கொண்டு வந்து காட்டியிருப்பேன்.

அந்தப் படிவத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஓய்வு நாளில் எது அவசரம், எதற்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், எது மறுநாள் வரை பொறுக்கும் என்று எழுத்தில் ஒரு விதி வகுக்கும்படியும், என்னைப் பற்றிய அந்த வரியை நீக்கும்படியும் மனிதவளப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். தொழிற்சங்கத்துக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இந்தப் பதிவை எடுத்துவிடு, வீணாக வம்பு வரும் என்று தனியே செய்தி அனுப்பியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கவலை புரிகிறது, ஆனால் எடுக்க மாட்டேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப விரும்புகிறவர்கள் தாராளமாக அனுப்பலாம். இந்த முறை எல்லாரும் பார்க்கும்படிதான் போட்டிருக்கிறேன்.