ஓட்டை பொருந்தினால் போதுமா?

பாகங்களாக வாங்கி நாமே பூட்டுகிற ஸ்பீக்கர் கிட்டில் வந்த டிரைவரை, அதாவது பெட்டியில் சத்தம் எழுப்புகிற பாகத்தை, கழற்றிவிட்டு, அதே சைஸில் விலை கூடின ஒன்றைத் திருகிவிட்டால் ஸ்பீக்கர் அப்கிரேடு ஆகிவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் கடைக்காரர் சொல்கிறார், யூடியூப்பில் தம்பிமார் சொல்கிறார்கள்: அஞ்சு இஞ்சுக்கு அஞ்சு இஞ்சு, ஓட்டை பொருந்தினால் போதுமாம். ஓட்டை பொருந்தும். சத்தம் பொருந்தாது.

கொருக்குப்பேட்டைத் தம்பி ஒருவர், தானே கிட் வாங்கி ஒட்டின பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு என் வீட்டுக்கு வந்தார். இன்னொரு கையில் புது வூஃபர், கனத்த ஓசைக்கான பெரிய டிரைவர். அதிர்கிற கூம்பு அலுமினியக் கோன், பளபளவென்று முகம் தெரிகிறது.

"ணா, பேப்பர் கோனைத் தூக்கிட்டு இத்தப் போட்டா சும்மா கிழியும்ல?"

"கிழியும். உன் காதுதான்."

கோபித்துக்கொண்டார். அவருக்குச் சொன்னதைத்தான் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்பது ஆசாரியின் கைக்கணக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் ஆரம்பித்துவைத்து, 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்து எழுதின கணக்கு அது. இன்று எந்த நல்ல டிரைவரின் டேட்டா ஷீட்டிலும் இந்த இரண்டு பேர் பெயரில்தான் எண்கள் இருக்கும். அதில் க்யூ.டி.எஸ். (கோன் தன் ஆட்டத்தை எவ்வளவு அடக்கிக்கொள்ளும் என்கிற எண்), வி.ஏ.எஸ். (கோனைப் பிடித்திருக்கிற ஓரத்தின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வூஃபர், இரண்டுக்கும் வி.ஏ.எஸ். 20 லிட்டர். ஒன்றின் க்யூ.டி.எஸ். 0.35, இன்னொன்று 0.5. மூடின பெட்டியில் சீரான பேஸ் வர முதலாவதுக்கு ஆறரை லிட்டர் போதும், இரண்டாவதுக்கு 20 லிட்டர் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அதே அஞ்சு இஞ்சு, அதே நாலு ஸ்க்ரூ. தம்பி கொண்டுவந்த பெட்டி சின்னது, புது வூஃபரோ இரண்டாவது ஜாதி. போட்டால் பேஸ் கீழே இறங்காது, நடுவில் ஒரு இடத்தில் மேடு தட்டி நிற்கும்.

அந்த மேட்டை நம் வீடுகள் இன்னும் தூக்கிவிடும். வடசென்னையில் முக்கால்வாசிப் பேருக்குப் பாட்டு கேட்கிற இடம் பத்துக்குப் பத்து ரூம். கூரையும் பத்தடி உயரம் என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்று. பத்தடி ரூம் தானாகக் கூடச் சேர்ந்து அதிர்கிற முதல் அலைவரிசை கிட்டத்தட்ட 56 ஹெர்ட்ஸ். மூன்று பக்கமும் அதே 56இல் சேர்ந்து அதிரும். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்பீக்கரைச் செருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். கானாவில் டோலக்கு அடி தனித்தனியாக விழாமல் ஒரே கும்மென்று உருளுகிறது என்று குறைப்படுகிறவர், வூஃபரில் கை வைக்கும் முன் ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி இழுத்துப் பார்க்கட்டும். காசில்லாத வேலை. அதனாலேயே யாரும் செய்வதில்லை!

பெட்டியைக்கூட விடுங்கள். பெரிய வில்லங்கம் கிராஸ்ஓவரில்தான் இருக்கிறது. கனத்த ஓசையை வூஃபருக்கும் கீச்சு ஓசையை ட்வீட்டர் என்கிற சின்ன டிரைவருக்கும் பிரித்துக் கொடுக்கிற போர்டு அது. அந்தச் சின்ன போர்டில் இருக்கிற ஒவ்வொரு காயிலும் கண்டென்சரும் குறிப்பிட்ட அந்த வூஃபரையும் ட்வீட்டரையும் அளந்து பார்த்துப் போட்டவை. டிரைவரை மட்டும் மாற்றிவிட்டு அதே போர்டை ஓட்டுவது பக்கத்து வீட்டுக்காரர் பவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிற கதை. 8 ஓம் ட்வீட்டருக்கு வரிசையில் 8 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று போட்டால் சுமார் 2500 ஹெர்ட்ஸிலிருந்து அது வேலை செய்யும். அதே இடத்தில் 4 ஓம் ட்வீட்டர் வைத்தால் 5000க்குப் போய்விடும். நடுவில் இருக்கிற துண்டை யார் பாடுவது? மனிதக் காது ரொம்பக் கூர்மையாக இருப்பதே அந்த இடத்தில்தான். இது ஒரே ஒரு கண்டென்சர் கணக்கு. நிஜ ட்வீட்டரின் ஓம் அலைவரிசைக்கு அலைவரிசை ஏறி இறங்கும் என்பதால் நிஜ போர்டு இன்னும் சிக்கல்.

மெட்டல் கோனுக்கு வருவோம். பேப்பர் கோன் மேலே போகப் போகச் சத்தமில்லாமல் தளர்ந்து ஓய்ந்துவிடும். அலுமினியம் அப்படியில்லை, விறைப்பாக நின்று, சைஸைப் பொறுத்து 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே எங்காவது ஓரிடத்தில் மணி மாதிரி கணீரென்று ஒலிக்கும். அதை அமுக்கவென்றே கிராஸ்ஓவரில் தனியாக ஒரு சர்க்யூட் போட வேண்டும். பேப்பர் கோனுக்காகச் செய்த போர்டில் அது இருக்காது. மாட்டின முதல் வாரம் 'டீட்டெயில் கூடிடுச்சு' என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்வார்கள். அது டீட்டெயில் இல்லை, அந்த மணிச் சத்தம்தான். கொஞ்ச நாள் போனால் பாட்டு போட்டதும் வால்யூமைக் குறைக்கக் கை தானாகப் போகும். ஏன் என்று தெரியாது, ஆம்ப் மேல் பழி போடுவார்கள்.

வாட்ஸ் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாட்டுப் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று வாட்ஸை ஊதிப் பெரிதாக்கி எழுதின காலத்திலிருந்தே நமக்கு இருக்கிற வியாதி. 100 வாட் தாங்கும், 84 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் வருகிற சத்தம்) உள்ள வூஃபர் முழு மூச்சில் ஒரு மீட்டரில் 104 டெசிபல் தரும். 30 வாட்டே தாங்கும் 90 டெசிபல் வூஃபர் அதைவிடத் துளி கூடவே தரும். தம்பி பழசைக் கழற்றிப் புதுசைப் போட நினைத்ததில் ட்வீட்டர் அப்படியே இருக்கும், வூஃபர் மட்டும் பழசைவிட நாலு டெசிபல் மந்தம். பாடுகிறவர் பின்னால் போய், ஜால்ரா மட்டும் முன்னால் வந்து கத்தும்.

பி.பி.சி.க்காரர்களின் எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு குட்டி ஸ்பீக்கர், 1970களில் வடிவமைத்தது, இன்றும் ஆட்கள் தேடி வாங்குகிறார்கள். அதில் இருந்தது கே.இ.எஃப். கம்பெனியின் பி110 வூஃபரும் டி27 ட்வீட்டரும். 1980களின் பிற்பகுதியில் கே.இ.எஃப். அதே டிரைவர்களில் மாற்றம் செய்தபோது கிராஸ்ஓவரையே புதிதாகப் போட வேண்டி வந்தது. 15 ஓமாக இருந்த ஸ்பீக்கர் 11 ஓம் ஆனது. பெயர் மாறாத டிரைவருக்கே அந்தப் பாடு. நாமோ வேறு கம்பெனி வூஃபரைக் கொண்டுவந்து செருகுகிறோம்.

அப்படியென்றால் எதையுமே தொடக்கூடாதா என்று கேட்பீர்கள். தொடலாம். கிட்டை வடிவமைத்தவரே வேறு ட்வீட்டருக்கு வேறு போர்டு வரைந்து தந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். நம் பக்கத்தில் வேறு சில விஷயங்களையும் முதலில் பார்க்க வேண்டும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் ஆட்களுக்குக் கடல் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. டெர்மினலைத் திறந்தால் செம்பில் பச்சை பூத்து, கம்பியை லேசாக ஆட்டினாலே கரகரவென்று விட்டுவிட்டு வரும். பழைய வூஃபரில் ஓரத்து ஃபோம் விரல் பட்டதும் உதிரும். போர்டில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் வருஷக்கணக்கில் மதிப்பு மாறிப்போயிருக்கும். சில ட்வீட்டர்களில் காயிலைச் சுற்றி இருக்கும் காந்தத் திரவம் காய்ந்து, சத்தம் மங்கியிருக்கும். 'பழைய டிரைவர் டல்லு' என்று வருகிற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். டெர்மினலைச் சுரண்டி, அதே மதிப்பில் கண்டென்சரை மாற்றி, கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறக்கலாம். புதுசாக வாங்குவதானாலும் ஃபோமைவிட ரப்பர் ஓரம், இரும்பு ஃபிரேமைவிட அலுமினிய வார்ப்பு ஃபிரேம். நம் ஊருக்கு அதுதான் நிற்கும்.

தம்பியின் அலுமினிய வூஃபர் மட்டமான சரக்கு இல்லை. அதற்கேற்ற 20 லிட்டர் பெட்டி, அதற்கேற்ற போர்டு என்று முதலிலிருந்து கட்டினால் நன்றாகவே பாடும். ஸ்பீக்கரை அளக்கிற ஆர்.ஈ.டபிள்யூ. என்ற சாஃப்ட்வேர் இலவசம், ஒரு மைக்கும் ஒரு ரெசிஸ்டரும் இருந்தால் வீட்டிலேயே அளக்கலாம். அதைத்தான் செய்யப்போகிறோம். பழைய கிட் அவர் தங்கச்சி ரூமுக்குப் போகிறது, பேப்பர் கோனோடு, போர்டில் கை வைக்காமல். புதுப் பெட்டிக்குக் கட்டிங் அளவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பலகை விஷயத்தில்தான் இன்னும் சண்டை. அவருக்கு மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்., எனக்கு தண்ணீர் தாங்குகிற மெரைன் பிளை. கடலுக்கு இத்தனை கிட்டத்தில் எம்.டி.எஃப். ரெண்டு மழைக்கு ஓரம் ஊதிக்கொள்ளும் என்கிறேன், பெயின்ட் அடிச்சுக்கலாம்ணா என்கிறார்.